மூல வைகைக் கரையில் ஒரு மிதிவண்டிப் பயணம்

மார்கழிப் பனி விலகாத ஒரு காலையில், சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, கடமலைக்குண்டிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டுப் பாருங்கள் அன்பர்களே! தெற்கே வருசநாட்டு மலைகள் பனிமூட்டத்துள் மறைந்திருக்கும். சாலையோரத்தில் தென்னந்தோப்புகளும் இலவ மரங்களும் தொடர்ந்து வரும். அருகிலேயே மூல வைகை உங்களோடு வடக்கு நோக்கி வரும்.

காதுகளைக் கம்பளித் துணியால் மூடிக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் முதலில் விறைப்பவை விரல்களே; விறைத்த விரல்களுக்குப் பிரேக் பிடிபடாது. ஆகவே கையுறையும் அவசியம்.

கண்டமனூர், அம்மச்சியாபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால், வைகை அணையின் நீர்த்தேக்கம் விரியும். தண்ணீர் வடிந்த கரையோரத்தில் தார்ச்சாலை இல்லை. கல்லும் கரடும்தான் பாதை. உள்ளூர்க்காரரிடம் வழி கேட்டுக்கொண்டே இறங்குங்கள்.

மலைப்பாதைக்கென்றே தடித்த சக்கரங்களுடன் கூடிய மிதிவண்டிகள் 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உருவாயின. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அப்போட்டியும் இடம்பெற்றது. ஆயினும், நம் வீட்டுச் சாதாரண வண்டியும் நிதானமாகச் சென்றால் ஓரளவு கைகொடுக்கும். இருக்கையைச் சற்றுத் தாழ்த்துங்கள். மேடுபள்ளத்தில் உட்கார்ந்திராமல் இரு மிதிகளிலும் எழுந்து நின்று, முழங்கைகளைத் தளர விடுங்கள். முன் பிரேக்கை மட்டும் சடாரெனப் பிடித்தால் தலைகுப்புற விழ நேரிடும். கண்கள் கல்லையே நோக்கினால் சக்கரமும் கல்லுக்கே போகும்; போக வேண்டிய வழியைப் பாருங்கள். பனி படிந்த பாறை வழுக்கும். அங்கே இறங்கித் தள்ளிச் செல்வதில் இழுக்கேதும் இல்லை.

இப்படி மெதுவாகச் செல்லும்போதுதான் பேருந்துச் சன்னலில் தென்படாத ஓர் உண்மை புலப்படுகிறது. வழிநெடுகிலும் நம்மோடு வந்த மூல வைகை, மழைக்காலம் நீங்கலாக, ஆண்டின் பல மாதங்கள் வெறும் மணல்வெளி! ஆயினும் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நிற்கிறது. அதற்குப் பெருந்துணையாக வருவது முல்லைப் பெரியாறு. 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, தேனிக்கு அருகே வைகையோடு கலக்கிறது அந்நீர். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. மதுரையும் சிவகங்கையும் இராமநாதபுரமும் அதை எதிர்நோக்கியே இருக்கின்றன.

இதை வாசிக்கும் நீங்கள் பரமக்குடியிலோ இராமநாதபுரத்திலோ இருக்கலாம். இந்த ஆறு உங்கள் பக்கம்தான் வருகிறது. இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சினால் அழகன்குளத்தை அடுத்த ஆற்றங்கரையில் கடலைச் சேர வேண்டும். தலைமாட்டில் காடு வாடினால் கால்மாட்டில் கண்மாய் வறளும். மேகமலைக் காடுகள் 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துள் கொண்டுவரப்பட்டன. அக்காடு புலிக்கு மட்டுமன்று, நம் குடத்துக்கும் காவல். அதனுள் அனுமதியின்றி மிதிவண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள். யானைகள் உலவும் இடம் அது.

திருக்குர்ஆன் அர்ரஃது அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் மலைகளையும் ஆறுகளையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. மலை வேறு, ஆறு வேறு என்று எண்ணிய நமக்கு, இந்தக் கரையில் நிற்கும்போது அதன் பொருள் துலங்குகிறது.

பயணம் முடியும்போது ளுஹர் நேரம் நெருங்கிவிடும். உளூச் செய்ய அமர்கிறீர்கள். கண்முன்னே பரந்து கிடக்கும் நீர், அள்ளிக்கொட்டத் தோன்றும். சற்று நில்லுங்கள்! நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது இரு கைகள் சேர்த்து அள்ளும் அளவில், உளூச் செய்தார்கள் என ஸஹீஹான ஹதீஸ்கள் அறிவிக்கின்றன. ஓடும் ஆற்றின் கரையிலும் வீண்விரயம் கூடாது என்ற அறிவிப்பு இப்னு மாஜா தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. காலையில் பார்த்த அந்த மணல்வெளியை நினைத்துக்கொள்ளுங்கள். கை தானாகவே சுருங்கும்.

விடுமுறையில் உங்கள் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் குழாயை இறுக மூட அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியிராது, இன்ஷா அல்லாஹ்!