பாட்டு யார் பேரில் இருக்கிறது?

புதுக்கோட்டை புதிய பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடை ஒன்றில் எங்களுக்குள் ஆறு வருடமாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பெரிதா, அறிவின் 'தெருக்குரல்' பெரிதா? கடைக்கார அண்ணனுக்கே இரண்டு பக்க வாதமும் மனப்பாடம். "இன்னிக்கி பேண்டா, தனி ஆளா?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ ஆற்றுவார்.

நாங்கள் ஐந்து பேர். அன்னவாசல், இலுப்பூர், கீரனூர் பக்கத்துக் காலனிகளிலிருந்து புதுக்கோட்டைக்குப் படிக்க வந்து, விடுதியில் ஒன்று சேர்ந்தவர்கள். எங்களில் மூன்று பேர் வீட்டில் தப்பு அடிக்கிறவர்கள் உண்டு. 'பறை' என்று சொல்லப் பழகியது இயக்கத்துக்கு வந்த பிறகுதான். ஊரில் அது தப்பு, இல்லையென்றால் கொட்டு. கல்லூரி நாட்களில் நாங்களும் பறையைக் கையில் எடுத்தோம். ஒருவன் பாடுவான், நான்கு பேர் அடிப்போம். குழுவுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று பலமுறை பேசினோம். வைக்கவே இல்லை.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் கலெக்டிவ் முதல் கச்சேரி நடத்தியபோது அங்கே போக எங்களிடம் பஸ் காசு இல்லை. வீடியோவில்தான் பார்த்தோம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து கூட்டிய குழு அது. மேடை நிறைய ஆட்கள், எல்லாரும் ஒரே மாதிரி கோட் சூட். அவர்கள் நடுவே பறையும் சட்டியும் கிடாரும். சாவு வீட்டில் சட்டை கழற்றி நின்று அடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். கோட் போட்டவன் தோளில் பறை தொங்குவதைப் பார்த்தபோது எங்களுக்கு என்ன ஆனது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வருடம் ஏப்ரல் 14க்கு எங்கள் தெருவில் ஸ்பீக்கர் கட்டி அந்தப் பாட்டுகளைத்தான் போட்டோம். இட ஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டு வந்தபோது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து வரி வரியாக எழுதி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குழுவின் பெயரே 19ஆம் நூற்றாண்டில் அயோத்திதாசப் பண்டிதர் பேசிய சாதியில்லாத் தமிழர் என்ற கருத்திலிருந்து வந்தது. எல்லாரும் சேர்ந்து ஒரே குரல் என்பதில் எங்களுக்கு அவ்வளவு பெருமை. அதனால் 2019இல் அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது எங்களில் இரண்டு பேருக்கு முகம் சுருங்கியது. கூட்டத்தில் நின்றவன் எதற்குத் தனியாகப் போக வேண்டும்?

முதலில் இசையை இசையாகவே பேசிவிடுகிறோம். கலெக்டிவை நேரில் கேட்க வேண்டும். பதிவில் அது பாதிதான். பறையைப் பத்தடி தூரத்தில் நின்று கேட்டால் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சில் விழும். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சியதும் வருகிற அந்த 'கிண்' ஒலியும், சிண்டுக்குச்சி போடுகிற சின்ன வெட்டுகளும் ஹெட்போனில் வரும்போது தட்டையாகிவிடுகின்றன. ஸ்டுடியோவில் கிடாருக்குக் கொடுத்த இடம் பறைக்குக் கிடைக்கவில்லை என்பது எங்கள் மனக்குறை. 'தெருக்குரல்' நேர் எதிர். அது பதிவுக்காகவே செய்யப்பட்டது. ஒரு குரல் காதுக்கு அருகில் வந்து உட்கார்ந்து பேசுகிறது; பின்னணி வழிவிட்டு நிற்கிறது. 'கள்ளமௌனி'யை முதன்முதலில் விடுதி மொட்டை மாடியில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக் கேட்டோம். முடிந்த பிறகு ஒருவரும் பேசவில்லை. எங்கள் வகுப்பில் எங்களோடு சிரித்துப் பேசிவிட்டு, சாதிப் பேச்சு வந்தால் மட்டும் மொபைலைப் பார்க்கிற நண்பர்கள் எல்லாரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஆல்பம் என்று பார்த்தால் எங்களில் மூன்று பேரின் ஓட்டு 'தெருக்குரலு'க்குத்தான். மற்ற இரண்டு பேர் இன்றுவரை மாறவில்லை. மாற வேண்டாம்.

இந்தச் சண்டை உலகத்துக்குப் புதிதில்லை. பீட்டில்ஸில் ஆல்பத்துக்கு ஒன்றிரண்டு பாட்டு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹாரிசன், குழு பிரிந்த 1970இலேயே மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பத்தோடு வந்தார். எங்களுக்கு இன்னும் நெருக்கமான கதை ஜமைக்காவில் இருக்கிறது. தி வெய்லர்ஸ் 1973இல் இரண்டு ஆல்பம் போட்டார்கள். 1974இல் பீட்டர் டாஷும் பன்னி வெய்லரும் விலகினார்கள். அதற்குப் பிறகு அது 'பாப் மார்லி அண்ட் தி வெய்லர்ஸ்'. மார்லியும் டாஷும் சேர்ந்து எழுதிய 'கெட் அப், ஸ்டாண்ட் அப்' பாட்டை 1977இல் டாஷ் தன் 'ஈக்வல் ரைட்ஸ்' ஆல்பத்தில் மறுபடியும் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். குழுப் பதிவில் ஊர்வலம் நடக்கிறது. டாஷின் பதிவில் ஒரு ஆள் வாசலில் வந்து நின்று கணக்குக் கேட்கிறான். எங்கள் சண்டையின் இரண்டு பக்கமும் அந்த ஒரே பாட்டுக்குள் இருக்கின்றன. டிஷர்ட்டில் மார்லி முகம் இருக்கிறது, டாஷ் முகத்தை எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் அறிவைப் பற்றி மட்டும் சண்டை போடவில்லை. 2021 கடைசியில் எங்களில் பாடுகிறவன் சென்னைக்குப் போய்விட்டான். நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து கட்டிய ஒரு பாட்டு சில மாதம் கழித்து அவன் பெயரில் மட்டும் வெளிவந்தது. நான்கு பறைகளுக்குப் பதில் கம்ப்யூட்டர் தாளம். போன் போடவில்லை, திட்டவும் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து 'கூட்டத்தை விட்டுப் போனவன்' என்று அறிவைத் திட்டினோம். யாரைத் திட்டினோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கோபத்தைக் குலைத்தது எங்களுக்கு அடி சொல்லிக் கொடுத்த ஆசான். வயது எழுபதுக்கு மேல். ஒருநாள் அவர் வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. அவர் எதுவும் சொல்லாமல் ஒரு சாவு வீட்டைப் பற்றிச் சொன்னார். பெரிய வீட்டுச் சாவு. காரியம் முடிந்து கூலி வாங்கப் போனபோது அந்த வீட்டுக் கணக்கு நோட்டைப் பார்த்திருக்கிறார். மாலை வாங்கிய கடைக்குப் பெயர் இருந்தது. பந்தல்காரருக்குப் பெயர் இருந்தது. சமையல்காரருக்குப் பெயர் இருந்தது. கடைசியில், 'கொட்டு - 4 ஆள்'.

"நாப்பது வருசமா நா நாலு ஆள்ல ஒருத்தன்டா. ஒருத்தனாச்சும் பேரு போட்டுக்கிட்டானேன்னு சந்தோசப்படுங்க" என்றார். பிறகு, "நாலு பேரையும் போட்டிருந்தான்னா இன்னும் நல்லாருந்திருக்கும்" என்றும் சொன்னார்.

அன்று இரவு எங்களில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. 'கூட்டு', 'நாம்' என்று நாங்கள் பெருமையாகப் பேசியதற்கும் அந்த நோட்டுக்கும் இடையில் என்ன வித்தியாசம்? இதே புதுக்கோட்டையில்தான் மாமுண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனார். அவர் பெயரும் அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையின் பெயரும் இசை வரலாற்றில் இருக்கின்றன, இருக்க வேண்டியதுதான். அதே காலத்தில் அதே ஊரைச் சுற்றி எத்தனை பேர் தப்பு அடித்திருப்பார்கள்? ஒரு பெயர் சொல்லுங்கள். எங்களாலும் முடியவில்லை. வெள்ளைக்கார ராக் உலகத்தில் சோலோ போவதை ஈகோ என்று எழுதுவார்கள். அங்கே எல்லாருக்கும் முதலிலேயே பெயர் இருந்தது. பெயரே எழுதப்படாத கூட்டத்திலிருந்து வருகிறவன் தன் பெயரைப் போட்டுக்கொள்வதை அதே அளவுகோலால் அளக்க முடியாது.

பிறகுதான் 'என்ஜாய் எஞ்சாமி' விவகாரம் எங்களுக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. 2021 மார்ச்சில் வந்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எழுதியது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் இந்தப் பாட்டையும் 'நீயே ஒளி'யையும் ஒட்டி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். இரண்டு பாட்டிலும் வரிகள் எழுதிய அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலேயே பாட்டு மேடையேறியது. பாட்டை உருவாக்கியதில் தன் பங்கு என்ன என்று அறிவு எழுதினார். இது கூட்டு உழைப்பு, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024இல் அவரே, இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றும் சொன்னார். யார் எந்த மெட்டைப் போட்டார் என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் அந்த ஸ்டுடியோவில் இல்லை. ஆனால் கூட்டு உழைப்பு என்ற பிறகும் அட்டையில் விடுபடுகிற முகம் யாருடையது என்பதைப் பார்க்க ஸ்டுடியோவில் இருக்க வேண்டியதில்லை.

2024இல் வந்த அறிவின் ஆல்பத்துக்குப் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தனி ஆல்பத்துக்குத் தன் பெயரைக்கூட வைக்காமல் பாட்டியின் பெயரை வைத்திருக்கிறார். தொகுப்பாகக் கேட்டால் 'தெருக்குரல்' அளவுக்கு இறுக்கம் இல்லை, கொஞ்சம் நீளம். இருந்தாலும் அந்தத் தலைப்புக்காகவே எங்களில் ஒருவன் கட்சி மாறிவிட்டான்.

இளையராஜாவைத் தொடாமல் தமிழில் இதைப் பேச முடியாது. அண்ணன் பாவலர் வரதராஜன் தலைமையில் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்த பாவலர் சகோதரர்களும் ஒரு பேண்டுதான். அதிலிருந்து வந்த ராசய்யா 1976இல் 'அன்னக்கிளி'யில் இளையராஜா ஆனார். பத்து வருடம் கழித்து சினிமாவுக்கு வெளியே 'ஹவ் டு நேம் இட்?' கொடுத்தார். பாக்கும் தியாகராஜரும் சந்திக்கிற ஆல்பம். 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' இனிமையானது, ஆனால் முதல் ஆல்பத்தின் வயலினில் இருக்கிற துணிச்சல் அதில் இல்லை என்பது எங்கள் எண்ணம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்கிற தலைப்பை வேறு யார் வைத்திருந்தாலும் அது ஒரு விளையாட்டுதான். அவர் வைத்ததால் எங்களால் அப்படிக் கடந்து போக முடியவில்லை. தன்னை எந்தச் சாதியோடும் சேர்த்துப் பார்ப்பதை அவர் விரும்புவதில்லை. அது அவர் உரிமை. 2022இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையைப் படித்துவிட்டு ஒரு வாரம் அவர் பாட்டைக் கேட்காமல் இருந்தோம். எட்டாவது நாள் பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். என்ன செய்ய?

பெயர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை, தோழர்களே. கலெக்டிவ் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' ஒரு குழுவின் பாட்டு. ஆறு வருடம் கழித்து 2024 நவம்பரில் அதைக் கிளறி எடுத்தவர்கள் குழுவைத் தேடவில்லை. இசைவாணி என்ற ஒரு பெண்ணின் பெயரைத் தேடினார்கள். மிரட்டலும் ஆபாசமும் புகார் மனுவும் அவர் ஒருவர் மேல்தான் வந்து விழுந்தன. அப்போது குழுவாக நின்றதுதான் காப்பு. கலெக்டிவ் கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் டீக்கடையில் ஜெயித்த ஒரே நாள் அது.

எங்கள் மாவட்டத்துக் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2022 டிசம்பர் 26. வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்த வாரமே சென்னைக்குப் போனவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். ஒரு வருடம் பேசாதவர்கள் நாங்கள். "பறை எங்கடா?" என்றுதான் கேட்டான். அந்த ராத்திரியே ஒரு பாட்டுக் கட்ட உட்கார்ந்தோம், முடிக்க முடியவில்லை. எந்த வரியைப் போட்டாலும் தண்ணீர் என்ற சொல்லில் வந்து தொண்டை நின்றது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபோது அதில் இருந்தது பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த மூன்று இளைஞர்களின் பெயர். ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டார்கள். எங்களுக்கு ஆசானின் கணக்கு நோட்டுதான் நினைவுக்கு வந்தது. கூலி கொடுக்கும்போது 'நாலு ஆள்'. குற்றம் என்றால் தகப்பன் பெயரோடு முழுப் பெயர்.

அந்தப் பாட்டை இந்த வருடம்தான் முடித்தோம். பாடியவன் சென்னையிலிருந்து இரண்டு நாள் லீவு போட்டு வந்தான். பழைய பாட்டைப் பற்றி அவனும் மன்னிப்புக் கேட்கவில்லை, நாங்களும் கேட்கச் சொல்லவில்லை. பறையை ஆசான் வீட்டு முற்றத்தில் வைத்து இரண்டு மொபைலில் பதிவு செய்தோம். ஒன்று பக்கத்தில், ஒன்று வேப்பமரத்தடியில். தூரத்து மொபைலில் வந்த சத்தம்தான் நன்றாக இருந்தது. கலெக்டிவ் பதிவு செய்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவன் பீற்றிக்கொண்டான்.

வெளியிடுவதற்கு முன்னால் எல்லார் பெயரையும் வரிசையாக எழுதினோம். எழுதியது யார், பாடியது யார், எந்த அடி யாருடையது என்று. ஆசானின் பெயரை முதலில் போட்டு அவரிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "இனிஷியல உட்டுட்டீங்க. எங்கப்பாதான் எனக்கு அடி சொல்லிக் குடுத்தாரு" என்றார்.

எழுத்தைச் சேர்த்தோம்.