காளைக்கு நோயில்லை

மாட்டைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. முதுகலையில் படித்தது தமிழ் இலக்கியம். மாட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு காலைக் காப்பியோடு முடிந்துவிடும். ஆனால் மொழிபெயர்ப்பாளன் கூலி தருகிற எந்த வண்டியிலும் ஏற வேண்டியவன். 2016 மார்ச்சில் கொங்குப் பகுதி விவசாயிகள் ஐந்து பேரும் கால்நடை மருத்துவர்கள் இருவரும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குப் போனபோது, அவர்களுக்கு வாயாகவும் காதாகவும் நானும் போனேன்.

கடைசி இரண்டு நாட்கள் ஒரு ஷார்ட்ஹார்ன் பண்ணையில். மறுநாள் அங்கே பொலிகாளை ஏலம். பனி உருகி, கால் வைத்த இடமெல்லாம் சேறு. ஒரு வயதைக் கடந்த முப்பத்துச் சொச்சம் காளைகள் வைக்கோல் பரப்பிய பட்டியில் நின்றன. இனத்தின் பெயர் குட்டைக் கொம்பு. பலவற்றுக்குக் கொம்பே இல்லை. நம்மவர்களை முதலில் நிறுத்தியது நிறம்தான். செவலை, வெள்ளை, இரண்டும் மயிருக்கு மயிர் கலந்த மூன்றாவது ஒன்று. அதை ரோன் என்கிறார்கள். செவலையோடு வெள்ளையைச் சேர்த்தால் ரோன். ரோனோடு ரோனைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று செவலை, ஒன்று வெள்ளை, இரண்டு ரோன். பண்ணைக்காரர் சொன்ன இந்தக் கணக்கை ஒரு வேடிக்கையாக நினைத்தே மொழிபெயர்த்தேன்.

காளை பார்ப்பதை அவர் பின்புறத்திலிருந்து தொடங்கினார். நடக்கவிட்டார். பின்னங்குளம்பு முன்னங்குளம்பின் தடத்திலேயே விழ வேண்டும். முன்னதாகவே விழுந்தால் எங்கோ வலி அல்லது கால் அமைப்பில் கோளாறு. பின்னங்கால் கம்பம் போல நேராக இருந்தால் இன்று பார்க்க அழகாக இருக்கும், சில வருடங்களில் மூட்டு விட்டுவிடும். மேய்ச்சல் நிலத்தில் பசுக்களைத் தேடி நடக்க முடியாத காளைக்கு எந்த வம்சப் பெருமை இருந்து என்ன? அப்புறம் விதைப்பையை நாடாவால் அளந்தார். அந்த வயதில் சுற்றளவு 30 செ.மீட்டராவது வேண்டும். விந்துச் சோதனையில் 70 சதவீத அணுக்கள் வடிவம் கெடாமலும், குறைந்தது 30 சதவீதம் முன்னோக்கி நகர்பவையாகவும் இருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் காங்கேயம் மாடு வளர்க்கும் பெரியவர் ஒருவர். எழுபதைத் தாண்டியவர். நான் வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டிக் கொண்டிருந்தார். குளம்பையும் நடையையும் பார்க்க அவருக்கு நான் தேவைப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏனுங்க தம்பி, சுழி பாக்க மாட்டாங்களா?"

அமெரிக்கரிடம் இதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டேன். அவர் சிரிக்கவில்லை. நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே ஏறியிருந்தால் மாடு அதிகம் மிரளும் என்று அங்கேயும் சொல்வதுண்டாம். (உண்மைதான். டெம்பிள் கிராண்டினும் சக ஆய்வாளர்களும் 1995இல் இதை ஆய்வாகவே வெளியிட்டார்கள்.) "அட, அவிங்களுக்கும் தெரிஞ்சிருக்குது" என்றார் பெரியவர்.

அடுத்தது காகிதம். ஏலப் பட்டியலில் ஒவ்வொரு காளைக்கும் அப்பன், பாட்டன், தாய்வழிப் பாட்டி என்று தலைமுறைகள் அச்சிடப்பட்டிருந்தன. இந்த இனத்தின் கதையே கண்ணுக்கும் காகிதத்துக்கும் நடந்த வழக்கு. வட இங்கிலாந்தில் டார்லிங்டன் அருகே சார்லஸ் காலிங் வளர்த்த காமெட் என்ற காளை 1810 ஏலத்தில் 1,000 கின்னிக்குப் போனது. அந்த விலையை எட்டிய முதல் காளை அது. அதன் தந்தை ஃபேவரிட். தாய்க்குத் தந்தையும் ஃபேவரிட்தான். தாயின் தாயோ ஃபேவரிட்டைப் பெற்ற பசு. அத்தை, மாமன், முறைப்பெண் என்று இத்தனை சொல் வைத்திருக்கும் தமிழ், இந்த இடத்தில் என்னைக் கைவிட்டது. 1822இல் ஜார்ஜ் கோட்ஸ் வம்சாவளிப் பதிவேட்டை அச்சிட்டார். பிறகு மாட்டைவிட ஏட்டுக்கு மதிப்பு கூடியது. 1873இல் நியூயார்க் மில்ஸ் ஏலத்தில் டச்சஸ் வம்சப் பசு ஒன்று 40,600 டாலர். வம்சத்தைத் தவிர அந்த விலைக்கு வேறு நியாயம் கிடையாது. அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் ஏமஸ் க்ருக்‌ஷாங்க் பெரிய வம்சங்களின் பின்னால் ஓடாமல், சதைப்பிடிப்பும் சீக்கிரம் கொழுக்கும் உடம்பும் பார்த்துக் காளை சேர்த்துக் கொண்டிருந்தார். அமெரிக்க இறைச்சிப் பண்ணைகளில் கடைசியில் ஜெயித்தது அவருடைய மாடுகள்.

பதினேழாம் எண் ஒரு ரோன் காளை. இருந்தவற்றில் அதுதான் அழகு. பெரியவர் அதன் முதுகைச் சொறிந்து கொடுத்துக் கொண்டிருந்தார். பண்ணைக்காரர், "இது டி.எச். கேரியர். பட்டியலிலேயே போட்டிருக்கிறேன்" என்றார்.

டி.எச். என்பது கன்று பின்னங்கால் எலும்பு உருவாகாமல், வயிறு மூடாமல் பிறக்கிற குறை. அந்தக் கன்று பிழைக்காது. 1970களில் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு காளை வழியாகப் பரவியது. அதன் பெயர் இம்ப்ரூவர், அதாவது மேம்படுத்துபவன்! இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் நான் சொன்னது: "இதுக்கு ஒரு நோய் இருக்காம் ஐயா."

பெரியவர் கையை எடுத்துவிட்டார். "நோவு மாட்டை எதுக்குங்க ஏலத்துல நிறுத்தறாங்க?"

அதையும் அப்படியே ஆங்கிலத்தில் கேட்டுத் தொலைத்தேன். பண்ணைக்காரரின் முகம் சிவந்தது. "நோய் என்று யார் சொன்னது?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் ஏலப் பட்டியலின் பின்னட்டையில் பேனாவால் கட்டம் போட்டார். தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. ஒன்று மட்டும் கெட்டதாக இருந்தால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆயுசுக்கும். இரண்டும் கெட்டதாக அமைந்தால்தான் அந்தக் கன்று. ஆக, கேரியரும் கேரியரும் சேர்ந்தால் சராசரியாக நாலில் ஒன்று சாகும். கேரியரோடு குறையில்லாத பசுவைச் சேர்த்தால் ஒன்றுகூடச் சாகாது. காலையில் நான் வேடிக்கையாகச் சொன்ன அதே ரோன் கணக்கு. டி.என்.ஏ. சோதனை வருவதற்கு முன் அப்படிப்பட்ட மூன்று கன்றுகளைத் தன் கையால் முடித்ததாகச் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு அந்தக் கட்டம் புதிதல்ல. 2009இல் என் தங்கையின் ரத்தப் பரிசோதனையில் தலசீமியா மைனர் என்று வந்தது. அவளுக்கு ஒரு வரன் முடிவாகும் நேரம். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் என்னைத்தான் கேட்டார்கள், படித்தவன், மொழிபெயர்ப்பாளன். "ரத்தத்துல சின்னக் குறை, பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன். மாப்பிள்ளைக்கும் அதே சோதனை செய்து பாருங்கள், அவருக்கு இல்லையென்றால் பிறக்கும் பிள்ளைக்கு அந்த நோய் வராது என்று சொல்லியிருக்க வேண்டும். பயப்பட ஒண்ணுமில்ல என்பதைக் கேட்டுத்தான் அவர்கள் பயந்தார்கள். ஒரு வாரத்தில் வேண்டாம் என்று ஆள் விட்டார்கள். தங்கை என்னைத் திட்டவில்லை. "ஏண்ணா, எம்.ஏ. படிச்சியே, வேற வார்த்தையே கிடைக்கலையா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்குப் பிறகு நல்லபடியாகத் திருமணம் நடந்தது. வார்த்தை மட்டும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. கையேடுகளில் 'கடத்தி' என்று போடுகிறார்கள். அதில் மின்சாரமும் ஓடும், தங்கமும் போகும். 'நோய்க்காவி' என்றால் கொசு. 'கேரியர்' என்றே விட்டால் தமிழனுக்கு நினைவு வருவது சாப்பாடு.

பட்டியருகே நின்று தட்டுத் தடுமாறி அந்தக் கட்டத்தைப் பெரியவருக்கு விளக்கினேன். பாதியிலேயே நிறுத்தினார். "புரிஞ்சுதுங்க. நோவு மாட்டுல இல்லீங்க, வழியில இருக்குது." திரும்பவும் காளையின் முதுகில் கை வைத்தார். பண்ணைக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். இந்த முறை யோசித்து, மெதுவாகச் சொன்னேன். அவர் பெரியவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, அடுத்த காளைக்கு நகர்ந்தார்.

மறுநாள் பதினேழாம் எண் வளையத்துக்குள் வந்தபோது, விலை கூறுவதற்கு முன் ஏலக்காரர் டி.எச். விஷயத்தைச் சத்தமாகப் படித்தார். அசல் ஷார்ட்ஹார்ன் வளர்ப்பவர்களில் சிலர் பட்டியலை மடித்து வைத்தார்கள். அவர்களுடைய பசுக்களிலும் அந்த வழி இருக்கலாம். முந்தைய காளையின் விலையில் பாதியைத் தாண்டவே நேரம் பிடித்தது. கடைசியில் சேறு படிந்த பூட்ஸோடு கடைசி வரிசையில் நின்ற ஒருவர் எடுத்தார். அவரிடம் இருப்பதெல்லாம் கறுப்பு ஆங்கஸ் பசுக்கள், அந்த வழியே கலக்காதவை என்றார் பக்கத்தில் இருந்த மருத்துவர். கன்றுகள் எல்லாம் இறைச்சிக்கு.

நான் பெரியவரிடம் சொன்னேன். காளை வெளியே போகும் வரை அதன் பின்னங்கால்களையே பார்த்துக் கொண்டிருந்தவர், "நல்ல எடத்துக்குத்தான் போவுது" என்றார்.