நமுத்த குச்சி

கார்த்திகை மாத அடைமழையில் மின்சாரம் போன இரவு அது. சாமி விளக்கை ஏற்ற ஒரு தீப்பெட்டியிலிருந்து ஏழு குச்சிகளை உரசினேன். ஒன்றுகூடப் பற்றி நிற்கவில்லை. எட்டாவதுதான் பற்றியது. மறுநாள் பேச்சுவாக்கில் சாத்தூர் நண்பரிடம் இதைச் சொன்னேன். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். "அந்த ஏழையும் தூரப் போட்டுறாதீங்க. பெட்டியோட கொண்டு வாங்க. எதனால பத்தலைன்னு சொல்றதுக்கு இங்க ஒரு அக்கா இருக்காங்க" என்றார். குப்பைக்கூடையிலிருந்து ஏழு குச்சிகளையும் பொறுக்கி எடுத்தேன்.

சாத்தூரைத் தாண்டியதும் இருபுறமும் கரிசலும் சீமைக்கருவேலமும். தீப்பெட்டித் தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, அடுத்த ஆண்டு சிவகாசியில் தொடங்கிய வேலை இது. மழை பொய்க்கிற பூமி, காய்ந்த காற்று. வெள்ளாமைக்கு ஆகாத அந்த வறட்சியே தீக்குச்சிக்குத் தோதாக அமைந்துவிட்டது. சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று ஊர் ஊராகப் பரவியது. பெரிய ஆலைகளுக்கு இயந்திரம் வந்துவிட்டது. நாங்கள் போனது தகரக் கூரை போட்ட, கைவேலை மிஞ்சியிருக்கிற சின்ன ஆபீஸ்.

அக்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைக் கட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமலே, "குடுங்க தம்பி" என்று என் பெட்டியை வாங்கினார். முதலில் தன் பக்கத்திலிருந்த புதுக் குச்சி ஒன்றை என் பெட்டியின் பக்கவாட்டில் உரசினார். ஒரு நொடி தயங்கிவிட்டுப் பற்றியது. பிறகு என் பெட்டியில் மிச்சமிருந்த குச்சியைத் தன் புதுப் பெட்டியில் உரசினார். பற்றாமல் வழுக்கி, ஈரச் சாந்து போல ஒரு கோடு இழுவியது. "பெட்டி பாதி, குச்சி பாதி. ரெண்டுமே ஈரம் குடிச்சிருக்கு."

அந்த இரண்டு உரசலிலேயே இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இருந்தது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். சேர்ந்தால் ஆபத்து என்பதால் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். உரசுகிற கணத்தில் மட்டும் சந்தித்துக்கொள்கின்றன. தலையில் மருந்தைப் பிடித்து வைத்திருப்பது வஜ்ஜிரம். தண்ணீர் பட்டால் இளகுகிற பசை. காற்றில் ஈரம் ஏறினாலே தலை மெத்தென்று ஆகிவிடும். அதுதான் நமுத்துப் போவது.

என் ஏழு குச்சிகளையும் தரையில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒதுக்கினார். ஐந்து ஒரு பக்கம்: தலை மழுங்கி இழுவியவை. "இதெல்லாம் நமுத்தது. எங்க வச்சிருந்தீங்க?" பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேல் உள்ள பலகையில் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். ஆறாவது, தலை முழுதும் எரிந்து கழுத்தோடு நின்றுபோன குச்சி. "தலை பத்தியிருக்கு, குச்சிக்கு ஏறலை. மெழுகு பத்தலை." மருந்தில் முக்குவதற்கு முன்னால் குச்சியின் நுனியை உருகிய மெழுகில் முக்குவார்கள். தலையின் தீயை மரத்துக்குக் கடத்துவது அந்த மெழுகுதான். முக்குகிறவர் அவசரப்பட்டால், தீ சீறிவிட்டு அணைந்துவிடும். ஏழாவதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் மருந்து ஒட்டிய அரைத்தலை. அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் தனியாக வைத்தார்.

நண்பர் குறுக்கிட்டார். பழைய .303 துப்பாக்கித் தோட்டாவின் அடியில் இருக்கும் கேப்பிலும் இதே குளோரேட் உண்டாம். சுட்டு முடித்ததும் குழாயில் வெந்நீர் ஊற்றிக் கழுவச் சொல்வார்களாம். மருந்து எரிந்து விட்டுப்போகிற உப்பு ஈரத்தை இழுத்து இரும்பில் துரு ஏற்றிவிடும். "குதிரையை இழுத்து வெடிக்கலைன்னா உடனே திறக்கக் கூடாது. முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி வச்சு, பொறுத்துத்தான் திறக்கணும். தாமதமா வெடிச்சாலும் வெடிக்கும்" என்றார். அக்கா நிமிர்ந்து, "இங்கயும் அப்படித்தாண்ணே. பத்தாத மருந்துன்னு அசட்டையா மிதிச்சவன் காலைப் பார்த்திருக்கேன்" என்றார்.

மருந்து கலக்கும் அறைக்குள் எங்களை விடவில்லை. அது சரிதான். லேபிள் ஒட்டுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அக்காவிடமே திரும்பி வந்தேன். என் கண் அந்தக் கட்டையை விட்டு நகரவில்லை. வரிவரியாய்ப் பள்ளம் வெட்டிய மெல்லிய சட்டங்கள். ஒரு சட்டத்தின் மேல் குச்சிகளை வாரிப் போட்டு உள்ளங்கையால் ஒரு தடவு. பள்ளத்துக்கு ஒன்றாகக் குச்சிகள் விழுந்துவிடுகின்றன. அதன்மேல் அடுத்த சட்டம், மறுபடி ஒரு தடவு. அடுக்கி முடித்து இறுக்கினால் ஆயிரக்கணக்கான குச்சி நுனிகள் அறுத்த வயல் போல ஒரே மட்டத்தில் நிற்கின்றன. ஒன்று தாழ்ந்தால் மருந்து எட்டாது, அரைத்தலை. ஒரு பள்ளத்தில் இரண்டு விழுந்தால் ஒட்டுத்தலை. உரசும்போது பிய்ந்து தீப்பொறி கண்ணில் தெறிக்கும். அவர் கட்டையைப் பார்த்து அடுக்கவில்லை. விரல் நுனியாலேயே மட்டம் பார்த்தார். கட்டையின் ஓரம் அவர் பெருவிரல் படுகிற இடத்தில் வழவழவென்று தேய்ந்து குழிந்திருந்தது.

ஏழு வயதில் இந்த வேலைக்கு வந்தவர். விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கத்தோடு ஏற்றிவிடுவார்கள். "பஸ்ல ஏறினதும் திரும்பத் தூங்கிருவேன். கட்டைக்கு முன்னாடிதான் முழிப்பே வரும்." குழந்தைகளை வேலைக்கு வைத்தால் பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். அதற்குள் அவருக்குக் கல்யாணம் முடிந்து மகள் பிறந்திருந்தாள். மகளைக் கட்டை தொட விடவில்லை. நர்சிங் படிக்க வைத்தார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கை நின்றது.

மூலையில் நாலைந்து பண்டல்கள் கிடந்தன. வெளிமாநில வியாபாரி ஒருவர் திருப்பி அனுப்பியவை. பற்றவில்லையாம். அட்டை உப்பியிருந்தது, கீழ்ப்பக்கம் தண்ணீர்க் கறை. எவர் கிடங்கிலோ மழை ஒழுகியிருக்கிறது. ஆனால் பணம் பிடித்தது இந்த ஆபீசின் கணக்கில். ஆபீஸ்காரர் அதை எங்கே இறக்குவார்? கட்டை அடுக்குகிறவர்களின் கூலியில்தான். இதைக் கேட்டு என் ரத்தம் கொதித்தது. தீப்பெட்டி விலை 2007இல் 50 பைசாவிலிருந்து ஒரு ரூபாயானது. பிறகு 14 ஆண்டுகள் அசையாமல் நின்று, 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாயானது. அதற்கு முந்தைய கணக்கைப் பாருங்கள். 600 பெட்டி கொண்ட பண்டலை உற்பத்தியாளர் விற்றது 270, 300 ரூபாய்க்கு. அதுவே கடையில் 600 ரூபாய். சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425இலிருந்து 810 ரூபாய்க்கு ஏறியது. மெழுகு 58இலிருந்து 80க்கு ஏறியது. விலை இரண்டு மடங்கானபோது பண்டலுக்கு இவர்கள் கேட்டது 430 முதல் 480 வரைதான். கடையில் அதன் விலை 1,200. வரியையும் லாரி வாடகையையும் கழித்தாலும் நடுவில் எவ்வளவு நிற்கிறது! மரத்தையும் மருந்தையும் தொடாத கைகளுக்கு அவ்வளவு. மட்டம் பார்த்துத் தேய்ந்த விரலுக்குப் பிடித்தம். கிடங்கின் கூரை ஒழுகியதற்கு இந்தப் பெண்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்? 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை அரசு 2023இல் தடுத்தது நல்லதுதான். உள்ளூர்ப் பிடித்தத்தை யார் தடுப்பது?

கிளம்பும்போது அக்காவிடம் கேட்டேன், திரும்பி வந்த பண்டல்களைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று. "அன்னைக்கே பார்த்தாச்சு. முக்காவாசி நமுத்ததுதான். அது எங்க கணக்குல வராது. சொல்லத்தான் செஞ்சேன், யார் கேக்கா?" என்றார். பிறகு தனியாக எடுத்து வைத்திருந்த அந்த அரைத்தலைக் குச்சியைக் கையில் எடுத்தார். "இது மட்டும் அடுக்குன கையோட தப்பு. எந்த ஆபீஸ் கையோ, கை கைதானே." அதை முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்த சட்டத்தின் மேல் குச்சியை வாரிப் போட்டார்.