அடித்து எழுதியதும் அழித்து எழுதியதும்

அலுவலகப் பதிவேட்டில் ஓர் எண் தவறிவிட்டால் அதைத் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. தவறிய எண்ணின்மீது ஒற்றைக் கோடு இட்டு, அருகே சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இடவேண்டும். அடிபட்ட எண் கோட்டின் அடியில் படிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். பிளேடினால் சுரண்டிவிட்டு அதே இடத்தில் புதிய எண்ணை எழுதுதல் ஆகாது. முன்னது திருத்தம், பின்னது குற்றம். ரயில்வே எழுத்தராகிய நாம் நாள்தோறும் கையாளும் இந்த எளிய விதி, பழைய போர்த்துப்பாக்கி வாங்குவோருக்கும் துணைநிற்கும் என்பதைச் சென்ற ஆண்டில்தான் கண்டோம்.

நம் இல்லத்தரசியின் தமையனார் அமெரிக்க நாட்டின் டெக்சஸ் மாநிலத்தில் குடியுரிமை பெற்று வாழ்பவர். அங்கே பழைய போர்த்துப்பாக்கிகளை விலைக்கு வாங்கிச் சேர்ப்பதும், சுடுதிடலுக்கு எடுத்துச் சென்று குறிபார்த்துச் சுடுவதும் பலருக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் இரவு அவர் தொலைபேசியில் அழைத்தார். "மாப்பிள்ளை, உங்கள் பக்கத்து ஊர்த் துப்பாக்கி ஒன்று இங்கே விலைக்கு வந்திருக்கிறது. இச்சாப்பூர் என்றும் 1942 என்றும் பொறித்திருக்கிறது. எல்லா உறுப்புகளும் அசல், எண்கள் யாவும் ஒத்திருக்கின்றன என்கிறார் விற்பவர். விலையும் அதற்குத் தக்கபடி கேட்கிறார். பையனையும் அழைத்துக்கொண்டு போய்ச் சுடலாம் என்று ஆசை. அங்கே விவரம் தெரிந்தவர் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

பையனுக்கு வயது பதினைந்து. எனவே, இதனை வெறும் பண விஷயமாக நாம் கருதவில்லை.

சியால்டாவிலிருந்து ராணாகாட் செல்லும் தடத்தில் பாரக்பூரையும் பல்தாவையும் கடந்தால் இச்சாப்பூர் வந்துவிடும். ஹூக்ளி நதிக்கரையில், முன்னாளில் வெடிமருந்து ஆலை இருந்த அவ்வூரில், 1904-ஆம் ஆண்டு துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. காவலர்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்று வழங்கும் லீ என்பீல்டு துப்பாக்கி, இரண்டு உலகப் போர்களுக்கும் அங்கிருந்து சென்றது. 1960-களில் அதே வடிவில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ற துப்பாக்கியும் அங்கே செய்யப்பட்டது. உத்தரப் பிரதேசக் காவல் துறை தன் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிகளுக்கு விடைகொடுத்தது 2020-ஆம் ஆண்டில்தான். 2021-இல் படைக்கலத் தொழிற்சாலைகள் அரசுக் கம்பெனிகளாக மாற்றப்பட்டபோது இச்சாப்பூரும் அவற்றுள் ஒன்றன்கீழ் வந்தது.

அத்தொழிற்சாலையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற வங்காளிப் பெரியவர் ஒருவர் நம் குடியிருப்புக்கு அருகே வசிக்கிறார். 'காகாபாபு' என்று அழைப்போம். மைத்துனர் அனுப்பிய படங்களை அவரிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அசல் என்றால் என்ன பொருளில் கேட்கிறார்?" என்றார். நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவரே விளக்கினார்.

துப்பாக்கி தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போது அதன் உடற்பகுதி, குழல், போல்ட், குறிபார்க்கும் தகடு, மூக்குமூடி, முன்மரம் ஆகியவற்றில் ஒரே எண் பொறிக்கப்படும். போர்க்களத்தில் மரம் பிளக்கும், குழல் தேயும், மூக்குமூடி நசுங்கும். பணிமனையில் அவற்றை மாற்றுவர். இருபது ஆண்டு உழைத்த துப்பாக்கியில் ஒரு பகுதியேனும் மாறாதிருப்பின் வியப்புத்தான். "சிப்பாய்க்குத் தேவை சுடும் துப்பாக்கி, கண்காட்சிப் பொருள் அன்று" என்றார் காகாபாபு.

மாற்றியதைப் பணிமனை மறைத்ததும் இல்லை. வேறொரு துப்பாக்கியின் போல்ட்டை எடுத்துப் பொருத்தினால், அதன் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புதிய எண்ணை அருகே பொறித்தனர். பிரித்தானியப் பணிமனைகளில் முழுதும் செப்பனிட்ட துப்பாக்கிக்கு 'எப்.டி.ஆர்.' என்னும் எழுத்துகளையும் ஆண்டையும் இட்டனர். இச்சாப்பூரில் முன்மரம் பிளவாமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகாணி முடுக்கினர். சேகரிப்போர் அதனை இச்சாப்பூர்த் திருகாணி என்றே அழைக்கின்றனர். அதனை அழகுக்குக் குறை என்று கருதுவோரும் உண்டு. குறையன்று, அந்த மரம் மேலும் சில ஆண்டுகள் உழைக்க அதுவே உதவியது.

இதைக் கேட்டபோது நமக்கு நம் சரக்கு வண்டிகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு வாகனின் பக்கத்திலும், அது கடைசியாக எந்நாளில் எந்தப் பணிமனையில் முழுச் செப்பம் கண்டது, மீண்டும் எப்போது வரவேண்டும் என்பன வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். சக்கரம் மாறியிருக்கலாம், கதவு மாறியிருக்கலாம். அதனால் அந்த வாகன் பொய் ஆகிவிடுவதில்லை.

மூன்றாம் வகை ஒன்று இருக்கிறது. அதுதான் விற்பதற்காகச் செய்யப்படும் நகல் உறுப்பு. போருக்குப் பின் அமெரிக்காவில் மலிவாய்க் கிடைத்த துப்பாக்கிகளின் முன்மரத்தை அறுத்து, வேட்டைத் துப்பாக்கிகளாக மாற்றிக்கொண்டனர். இன்று பழைய உருவத்துக்கு விலை ஏறியிருப்பதால், அறுபட்ட மரத்துக்கு மாற்றாகப் புதிய மரம் செய்து விற்கின்றனர். புதியது என்று சொல்லி விற்றால் அதில் பழுதில்லை. சாயம் ஏற்றி, அடிபட்ட தழும்புகளைத் தாமே உண்டாக்கி, 1942-இன் மரம் என்று விற்றால் அது மோசடி. இவ்வாறே 1944-க்கும் 1947-க்கும் இடையே இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'காட்டுக் கார்பைன்' என்னும் குறுந்துப்பாக்கிக்கு நல்ல விலை உண்டு. நீளத் துப்பாக்கியை வெட்டிச் சுருக்கி அதன் பெயரில் விற்பவரும் இருக்கின்றனர். அசலில் எடை குறைப்பதற்காக உடற்பகுதியின் இரும்பை ஆங்காங்கே குடைந்திருப்பர். போலியில் அக்குடைவு இராது. வெளித்தோற்றத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவர்.

மைத்துனர் அனுப்பிய படங்களுள் போல்ட்டின் கைப்பிடியைக் காட்டியதில் காகாபாபுவின் விரல் நின்றது. எண் இருந்த இடம் மட்டும் சற்றே பள்ளமாகவும், சுற்றியிருந்த இரும்பைவிட வெளுப்பாகவும் இருந்தது. எழுத்துகளின் ஓரம் கூர்மையாய் இருந்தது. "பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டு அண்மையில் குத்தியிருக்கிறார்கள். மரம் நகலானால் பணம் போகும். போல்ட் பொருந்தாவிட்டால் கண் போகும்" என்றார். வெடிக்கும் தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்குவது போல்ட்டே. அது அந்த உடலுக்கென்று இழைத்துப் பொருத்தப்பட்டது. வேறொன்றைச் செருகினால் தோட்டாவுக்கும் அதற்கும் இடையே இடைவெளி மிகுதியாகலாம். அப்போது தோட்டாவின் பித்தளை கிழிந்து, வெப்ப வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும். எண்கள் ஒத்திருத்தலைக் கேட்பது பெருமைக்காக மட்டும் அன்று. பொருத்தம் சோதிக்கப்பட்டது என்பதற்கு அது ஒரு சான்று. அச்சான்றைத்தான் அரம் போட்டு அழித்திருந்தார்கள்.

அன்றிரவே மைத்துனருக்குச் செய்தி சொன்னோம். அவர் அதை வாங்கவில்லை. சில திங்கள் கழித்து வேறொன்று வாங்கினார். அதன் போல்ட்டில் பழைய எண் கோடிட்டு அடிபட்டுப் புதிய எண் அருகே இருந்தது. முன்மரத்தில் திருகாணியும் இருந்தது. விலையும் குறைவு. ஆயினும் நாம் வற்புறுத்தியபடி, துப்பாக்கி செப்பனிடுபவரிடம் கொடுத்து, அளவுக் கருவியால் அந்த இடைவெளியைச் சோதித்த பின்னரே பையனின் கையில் கொடுத்தார்.

நம் நாட்டில் த்ரீ நாட் த்ரீ தடைசெய்யப்பட்ட குழலளவைச் சேர்ந்தது. பொதுமக்களாகிய நாம் கடையில் வாங்கத்தக்கது அன்று. ஆயினும் ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் பழம்பொருள்மீது ஆசை மிகுதி. பாட்டி வீட்டில் இருந்தது போன்ற குத்துவிளக்கு, தாத்தா கட்டியிருந்தது போன்ற கைக்கடிகாரம், தஞ்சாவூர்ப் படம் ஆகியவற்றைக் கண்டால் மனம் இளகிவிடுகிறது. கை பணப்பையைத் தேடுகிறது. அவ்வேளையில் விற்பவரிடம் "இது அசலா?" என்று கேட்பதால் பயன் இல்லை. ஆம் என்றுதான் சொல்வார். "இதில் எது மாறியது? எப்போது மாறியது? மாற்றியவர் யார்?" என்று கேளுங்கள். உண்மையான பழம்பொருளை விற்பவர் மூன்றில் ஒன்றுக்கேனும் விடை சொல்வார். ஒன்றுமே மாறவில்லை என்று சத்தியம் செய்பவரிடம் விளக்கைத் திருப்பி, அடிப்பக்கத்தைப் பாருங்கள்.