அம்மாவுக்கு எந்த நாள்?

"ஆகஸ்ட் 10ஆம் தேதி அம்மாவுக்குத் தத்தினம் அண்ணா, லீவு சொல்லிவிடு." 2024 ஜூலையில் தம்பி திருப்பதியிலிருந்து போன் செய்தான். சித்தூரில் நான் காலண்டரைப் புரட்டினேன். அன்று ஆடி மாதம். "ஆவணியில் போனவளுக்கு ஆடியில் தெவசமா? உங்க புரோகிதருக்குக் கணக்கே தெரியாதா?" என்று கத்தினேன். தம்பி மனைவி தெலுங்கு, புரோகிதரும் தெலுங்கு. என் கோபத்தில் அதுவும் கொஞ்சம் இருந்தது.

அம்மா இறந்தது 2023 ஆகஸ்ட் 22, வளர்பிறை சஷ்டி. அதில் தகராறு இல்லை. சூரியனிலிருந்து சந்திரன் 12 டிகிரி விலகினால் ஒரு திதி. இரு மொழிக்காரர்களுக்கும் அது ஒன்றுதான். மாதம்தான் வேறு. நமக்குச் சூரியன் சிம்மத்தில் நுழைந்தால் ஆவணி. அவர்களுக்கு அமாவாசை கழிந்தால் புது மாதம். பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு 354 நாள். சூரிய வருடத்துக்கு 11 நாள் குறைவு. குறை சேர்ந்து ஒரு மாத அளவு ஆகும்போது அதிக மாதம் என்று ஒன்றைச் செருகுகிறார்கள். 2023இல் சிராவணம் அப்படி இரண்டு முறை வந்தது. (அந்த வருடம் திருமலையில் செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு பிரம்மோற்சவம் நடந்ததும் இதனால்தான்.) அம்மா போனது இரண்டாவது சிராவணத்தில். மறு வருடம் அந்த சஷ்டி 12 நாள் முன்னால் நகர்ந்து நம் ஆடிக்குள் விழுந்துவிட்டது. ஆவணியில் வரும் வளர்பிறை சஷ்டியோ செப்டம்பர் 9. இரண்டு கணக்கும் சரி. நடுவில் முப்பது நாள்!

1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்த ஊர் எங்களுடையது. அம்மாவின் சமையலறையில் எப்போதும் இரண்டு காலண்டர். தமிழ் தினசரி காலண்டரில் ராகு காலம், எமகண்டம். தெலுங்குக் காலண்டரில் வர்ஜ்யம், துர்முகூர்த்தம். எல்லாவற்றையும் பார்த்தால் வீட்டை விட்டு இறங்கவே முடியாது. அம்மா தனக்குத் தோதானதை மட்டும் படிப்பாள். பிடிக்காத கல்யாணம் என்றால் வர்ஜ்யம் குறுக்கே வரும். திருப்பதி பஸ்ஸுக்கு மட்டும் ராகு காலம் தடையில்லை. "ஏழரை ஒன்பதுங்கறது ஆறு மணிக்குச் சூரியன் உதிச்சாத்தான். தினமும் ஆறுக்கா உதிக்குது?" என்பாள். பகலை எட்டாக வகுத்து வரும் கணக்கு அது என்று யார் அவளுக்குச் சொன்னார்களோ!

கடைசி எட்டு மாதம் தம்பி வீட்டில்தான் இருந்தாள். குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் தம்பி மனைவி. நான் ஞாயிறுதோறும் பழம் வாங்கிக்கொண்டு போனவன். "அத்தம்மா சிராவணத்தில்தானே போனாங்க பாவகாரு" என்று அவள் போனில் மெதுவாகச் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 10 காலை முதல் பஸ்ஸில் திருப்பதி போனேன். செப்டம்பர் 9 அவர்கள் இருவரும் சித்தூர் வந்தார்கள். 2025இல் ஜூலை 30, ஆகஸ்ட் 29. இரண்டுக்கும் லீவு போட்டேன்.