மகனின் பூட்ஸ்

கொலராடோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். செப்டம்பரில் அவன் ராக்கி மலைக்கு எல்க் வேட்டைக்குப் போகிறான். எல்க் நம் மிளாவைவிடப் பெரிய மான். ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேலும் இருக்கும். வண்டி போகாத இடத்தில் விழுந்தால், இறைச்சியை முதுகில் சுமந்துதான் இறங்க வேண்டும்.

போன வருடம் கடைசி நேரத்தில் வாங்கிய புது பூட்ஸோடு போனான். இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம், பெருவிரல் நகமும் போயிற்று. 10,000 அடி உயரத்திலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கியிருக்கிறான். மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த முறை ஜூலையிலேயே நானும் கடைக்குப் போனேன். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரம். கம்பளி சாக்ஸோடு போட்டு, சரிவில் இறங்கிப் பார்த்தான். விரல் முன்னால் இடிக்கக் கூடாது, குதிகால் உள்ளே தூக்கக் கூடாது. குளிருக்கென்று உள்ளே கனமாகத் திணித்த பூட்ஸை எடுக்கவில்லை; செப்டம்பர் பகலில் ஏறினால் வியர்க்கும், ஈரக்காலில் கொப்புளம் சீக்கிரம் வரும். ஆனால் அந்த உயரத்தில் அப்போதே பனியும் விழலாம். அதனால் கணுக்காலைப் பிடிக்கும், நீர் புகாத தோல் பூட்ஸ் வாங்கினோம்.

இப்போது தினமும் அதைப் போட்டு, முதுகில் அரிசிப் பையோடு என்னுடன் நடக்கிறான். "பரீட்சைக்கு முதல் நாள் படித்தால் ஏறாதுன்னு சொல்வீங்களேப்பா" என்று சிரிக்கிறான்.

வேட்டை எனக்குப் பிடிக்காது. பிள்ளை நல்ல காலோடு வீடு திரும்பினால் போதும்.