புழுவுக்குச் சமைப்பவர்கள்

கோவைப் பக்கம் இருக்கும் அந்தப் பூச்சி வளர்ப்புக் கூடத்தில் காலை வேலை மாவு சலிப்பதில் தொடங்குகிறது. வெள்ளைக் கொண்டைக்கடலையை மில்லில் அரைத்து வந்த மாவு. சலித்துக்கொண்டிருந்த அக்கா ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் தேய்த்தார், முகர்ந்தார், அப்புறம்தான் தராசில் கொட்டினார். "சிக்கு வாசம் வந்தா எடுக்கறதில்லைங்க. வண்டு விழாம இருக்க மருந்து போட்ட கடலையா இருந்தாலும் போச்சு, புழு வாயே வெக்காது" என்றார். புது மூட்டை வந்தால் முதலில் சில புழுக்களுக்கு மட்டும் சமைத்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். அவை தின்று கழித்து ஒரு தோல் உரித்த பிறகே அந்த மூட்டை மற்ற புழுக்களுக்குப் போகும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வது ஹெலிகோவெர்பா என்ற பச்சைக் காய்ப்புழுவுக்கு. பருத்தி, துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, வெண்டை, மக்காச்சோளம் என்று எதையும் விட்டுவைக்காத புழு. 1987இல் ஆந்திரப் பருத்திக் காடுகளில் பைரித்ராய்டு மருந்துகளை அடித்தும் சாகாமல் நின்று விவசாயிகளைக் கடனாளியாக்கியது இதுதான். எந்த மருந்துக்கு இது இன்னும் சாகிறது, எதற்குப் பழகிவிட்டது, பி.டி. பருத்தியின் நச்சுப் புரதத்தை எவ்வளவு தாங்குகிறது என்றெல்லாம் அறிய வேண்டுமானால் ஒரே வயதில், ஒரே எடையில், நோயில்லாத புழுக்கள் வருஷம் முழுக்கக் கையிருப்பில் இருக்க வேண்டும். வயலில் பொறுக்கி வந்த புழுவை வைத்து அந்தக் கணக்கைப் போட முடியாது. ஒன்று நேற்று மருந்து பட்டதாக இருக்கும். இன்னொன்றின் உடம்புக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு இருக்கும்.

முன்பெல்லாம் காய்ப்புழுவுக்கு வெண்டைக்காயும், புரோடீனியா என்ற இன்னொரு புழுவுக்கு ஆமணக்கு இலையும் பறித்து வந்து போட்டுத்தான் வளர்த்தார்கள். கூடத்தின் மூத்த பணியாளர் ஒருவருக்கு அந்தக் காலம் நன்றாக நினைவிருக்கிறது. கோடையில் ஆமணக்கு இலைக்கு வாய்க்கால் வாய்க்காலாக அலைந்ததையும், வாங்கி வந்த வெண்டைக்காயில் மருந்து ஒட்டியிருந்து ஒரு தட்டுப் புழுவும் ஒரே ராத்திரியில் செத்துக் கிடந்ததையும் அவர் இன்றைக்கும் ஆற்றாமையோடுதான் சொல்கிறார்.

புழுவுக்கு இலையில்லாமல் உணவு செய்யும் முயற்சி 1940களில் அமெரிக்காவில் மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானை வைத்துத் தொடங்கியது. 1965இல் ஷோரி, ஹேல் என்ற இருவர் பின்டோ பீன்ஸை அடிப்படையாக வைத்த எளிய உணவு ஒன்றில் ஒன்பது வகை அந்துப்பூச்சிகளின் புழுக்களை வளர்த்துக் காட்டினார்கள். நம் நாட்டில் பீன்ஸின் இடத்துக்குக் கொண்டைக்கடலை வந்தது. காய்ப்புழு வயலிலேயே விரும்பித் தின்னும் பயறு அது. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

சுவரில் ஒட்டியிருக்கும் செய்முறைத் தாள் பல ஆய்வுக்கூடங்களில் புழங்குவதுதான். கடலை மாவு 105 கிராம், உறைய வைக்க அகர் 12.75 கிராம், தண்ணீர் 780 மில்லி. பூஞ்சணத்தைத் தடுக்க மீத்தைல் பாரபெனும் சோர்பிக் அமிலமும், பாக்டீரியாவுக்கு ஸ்ட்ரெப்டோமைசின், 10 சதவீத ஃபார்மலின் 2 மில்லி. சத்துக்கு ஈஸ்ட், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, ஒரு மல்டிவைட்டமின் மாத்திரை. பாதித் தண்ணீரில் மாவைக் கரைத்து மிக்ஸியில் அடிக்கிறார்கள். மீதித் தண்ணீரில் அகர் கொதிக்கிறது. இரண்டும் சேர்ந்த பிறகு கடைசியாக வைட்டமின்.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நுணுக்கம் எல்லாம் இருக்கிறது. சூட்டோடு போட்டால் வைட்டமின் சி கெட்டுப்போகும். ஆறட்டும் என்று விட்டால் அகர் திரிந்து கட்டி கட்டியாகும். ஏறக்குறைய 60 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவில் வேலையை முடித்தாக வேண்டும். பக்கத்தில் வெப்பமானி இருந்தது. அக்கா பாத்திரத்தின் வெளிப்பக்கம் புறங்கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார், "இப்பப் போடலாங்க" என்றார். நான் வெப்பமானியைப் பார்த்தேன், 57. மளமளவென்று தட்டின் குழிகளில் ஊற்றிக்கொண்டே போனார். ஐந்து நிமிஷத்தில் சீம்பால் கட்டி மாதிரி உறைந்துவிட்டது.

உறைந்ததும் மூடிவிடக் கூடாது. ஆவி மூடியில் பட்டுத் துளியாகி விழுந்தால், முட்டையிலிருந்து அன்று வந்த புழு அந்த ஒரு துளியில் மூழ்கிச் செத்துவிடும். அதிகம் காயவிட்டாலோ உணவு ஓரத்தில் சுருங்கி இடைவெளி விழும். புழு அதற்குள் இறங்கி அடியில் மாட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஒரு கணக்கு, மேல்காற்று வீசும் ஆனி ஆடியில் வேறு கணக்கு. பூஞ்சணத்துக்குப் பயந்து ஃபார்மலினைக் கொஞ்சம் கூட்டினால் பூஞ்சணம் வராது, புழுவும் வளராது. தாளில் இதெல்லாம் இல்லை.

புழு மாற்றும் வேலையை நான் வெகுநேரம் நின்று பார்த்தேன். தாய்ப்பூச்சி துணியில் இட்ட முட்டைகளைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் முக்கி அலசி வைத்திருக்கிறார்கள், முட்டையின் மேல் ஒட்டிய வைரஸ் போவதற்கு. மூன்று நான்கு நாளில் முட்டை கறுத்துப் புழு வெளியே வருகிறது. ஒரு மில்லிமீட்டர் சொச்சம் நீளம், கறுத்த தலை. மெல்லிய பிரஷால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அக்கா புழுவைத் தொடவே இல்லை. பிரஷ் நுனியை அதன் மேலாகக் கொண்டுபோனார். புழு விட்டிருந்த இழை நுனியில் ஒட்டியது. இழையோடு தூக்கிக் குழிக்குள் இறக்கினார். "ஒடம்புல பிரஷ் பட்டா நசுங்கிருமுங்க. நூலைப் புடிச்சாப் போதும்." நூலை நானும் தேடினேன். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்த பிறகுதான் கண்ணில் பட்டது.

சில நாள் சேர்ந்து இருக்கலாம். கொஞ்சம் வளர்ந்ததும் ஆளுக்கொரு குழிதான். காய்ப்புழு தன் இனத்தையே தின்னும்.

தட்டில் புழு கொழுகொழுவென்று இருப்பதை வைத்து உணவு நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட முடியாது என்பதை அங்கேதான் விளங்கிக்கொண்டேன். லினோலெனிக் அமிலம் போன்ற கொழுப்பு குறைந்தால் புழுப் பருவத்தில் ஒன்றும் தெரியாது. கூட்டுப்புழுவும் பார்வைக்குச் சரியாக இருக்கும். வெளியே வரும் பூச்சியின் இறக்கை மட்டும் சுருண்டு கிடக்கும். அது பறக்காது, இணை சேராது. ஆகவே கூட்டுப்புழுவை எடைபோடுகிறார்கள், ஆண் பெண் பிரிக்கிறார்கள், எத்தனை பூச்சி முழு இறக்கையோடு வந்தது, எவ்வளவு முட்டை இட்டது, அதில் எவ்வளவு பொரித்தது என்று குறிக்கிறார்கள்.

இந்தத் தொழில் எவ்வளவு பெரிதாக வளரலாம் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஃபீனிக்ஸ் நகரம் சாட்சி. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை அங்கே பெருமளவில் வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கிப் பருத்திக் காடுகளில் விட்டார்கள். உணவில் எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயம் கலந்திருந்தது. பொறியில் விழுந்த பூச்சியை நசுக்கினால் உள்ளே சிவப்பாக இருப்பது கூடத்தில் வளர்ந்தது, மற்றது காட்டுப் பூச்சி. பி.டி. பருத்தியும் இதுவும் மற்ற முறைகளும் சேர்ந்துதான் 2018இல் அந்நாட்டுப் பருத்தியில் அந்தப் புழு ஒழிந்ததாக அறிவிக்கச் செய்தன. நம்மிடம் அதே புழு பி.டி.யை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டது. 2010இல் குஜராத்திலிருந்து அந்தச் செய்தி வெளியானது. அந்த எதிர்ப்பை அளப்பதும் இதே மாதிரி உணவில் நச்சுப் புரதத்தைச் சேர்த்துக் கொடுத்துத்தான்.

பூச்சிக் கூண்டுகள் இருக்கும் அறைக்குள் போகுமுன் முகக்கவசம் கொடுத்தார்கள். உள்ளே தேன் கரைசலில் நனைத்த பஞ்சு, முட்டை வைக்கத் தொங்கவிட்ட துணி, 26 டிகிரி, நல்ல ஈரப்பதம். கூண்டைத் திறந்ததும் இறக்கைச் செதில்கள் வெளிச்சத்தில் தூசியாக எழுந்தன. வருஷக்கணக்கில் இதைச் சுவாசிப்பவர்களுக்கு ஒவ்வாமையும் இளைப்பும் வரலாம். இது உலகெங்கும் பூச்சி வளர்ப்பவர்கள் அறிந்த தொழில் நோய். செதிலை உறிஞ்சி வெளியேற்றும் காற்றுக்கருவி இந்த அறையில் இருக்கிறது. இல்லாத கூடங்களில் வேலை செய்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. மருந்துகளை வயலுக்குச் சிபாரிசு செய்யும் பல ஆய்வுகள் அக்காவைப் போன்ற பெண்கள் வளர்த்துக் கொடுத்த புழுவின் மேல்தான் நிற்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்காரர்கள். அவர்கள் விலகிப் போகும்போது புறங்கைச் சூடும் நூல் பிடிக்கும் பக்குவமும் கூடவே போய்விடுகின்றன. அடுத்து வருபவர் தட்டுத் தட்டாகப் புழுவைச் சாகக் கொடுத்து மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. சுவரில் ஒட்டிய தாளில் அவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள், ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் பெயரையும் போடுங்கள் என்று அங்கிருந்த ஆய்வாளரிடம் சொன்னேன். அவரும் மறுக்கவில்லை, குறிப்பு நோட்டு ஒன்று தொடங்கப்போவதாகச் சொன்னார்.

இப்போது அங்கே ஓடும் சோதனை அகரைக் குறைப்பது. உணவுக்கு ஆகும் செலவில் அதிகம் பிடிப்பது அதுதான். பாதி அகருக்குப் பதில் மரவள்ளி மாவு சேர்த்த தட்டுகளைத் தனியாக அடுக்கியிருந்தார்கள். முதல் முறை செய்தது மறுநாளே தண்ணீர் விட்டுக்கொண்டதாம். தண்ணீரைக் குறைத்து, மாவைத் தனியே காய்ச்சிக் கலந்து மறுபடி ஊற்றியிருக்கிறார்கள். குழிகளில் புழுக்கள் நன்றாகவே தின்றுகொண்டிருந்தன. அப்படியானால் சரியாக வந்துவிட்டதா என்று அக்காவிடம் கேட்டேன்.

"அதெப்படிங்க இப்பவே சொல்றது? இது பூச்சியாகி முட்டை வெக்கோணும், அந்த முட்டையில வர்ற புழு இதையே தின்னு அதுவும் முட்டை வெக்கோணும். மூணு தலைமுறை தாண்டுனா எழுதிக்கலாங்க" என்றவர், மார்க்கரை எடுத்து அன்றைய தட்டுகளில் தேதி போட ஆரம்பித்தார்.